கிராண்டில் இருப்பது யார் பெயர்?

இன்றைய கருத்தரங்கின் தலைப்பு, வீட்டை விற்கப் போகும்போது வெளிவரும் பட்டாச் சிக்கல்கள். சட்டத்தை விளக்க வழக்கறிஞர் ஒருவர் வந்திருக்கிறார். நில அலுவலகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவரும் நம்மோடு அமர்ந்திருக்கிறார். அவர்கள் பேசுவதற்கு முன், இந்தச் சிக்கல்கள் எங்கிருந்து கிளம்பின என்ற பழைய கதையைச் சொல்லும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் படித்தது பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. ஆகவே சட்ட நுணுக்கங்களை அவர்களிடம் விட்டுவிட்டு வரலாற்றோடு நிறுத்திக் கொள்கிறேன்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு திசை. மாடிப்படி ஏற முடியவில்லை; இருக்கும் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டருகே சிறியதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவெடுக்கிறார்கள். வாங்குபவரும் கிடைத்துவிட்டார். பத்து விழுக்காடு முன்பணம் கைமாறிவிட்டது. மூன்று மாதத்தில் விற்பனை முடிய வேண்டும். அந்த நேரத்தில் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வருகிறது. "ஐயா, கிராண்டில் வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதே?" கடன் கட்டி முடித்து இருபது ஆண்டு ஆயிற்று. இன்னொரு வீட்டில் கேள்வி வேறு: "அம்மா, பட்டாவில் உங்கள் மாமனார் பெயர்தானே இருக்கிறது?" மாமனார் மறைந்து முப்பது ஆண்டு. நாட்கள் ஓடுகின்றன, வாங்க வந்தவரின் வங்கிக் கடன் காலாவதியாகிறது, விற்பனை முறிகிறது. மகள் வீட்டருகே பார்த்து வைத்த வீடும் கைநழுவுகிறது.

இப்படிப்பட்டவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றே. "நிலவரி கட்டுகிறோம், வீட்டு வரி கட்டுகிறோம், மின்கட்டணம் எங்கள் பெயரில், சாவி எங்கள் கையில். பிறகு வீடு எங்களுடையது இல்லாமல் யாருடையது?" நியாயமான கேள்விதான். ஆனால் இந்நாட்டு நிலச் சட்டம் ரசீதைப் பார்ப்பதில்லை. பதிவேட்டைத்தான் பார்க்கிறது. அந்தப் பதிவேடு இங்கு வந்த கதை ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது.

அயர்லாந்தில் பிறந்து தெற்கு ஆஸ்திரேலியாவில் குடியேறிய ராபர்ட் டோரன்ஸ் என்பவர் அங்கே சுங்க அதிகாரியாக இருந்தார். கப்பல்கள் கைமாறுவதை அவர் அன்றாடம் பார்த்தவர். ஒரு கப்பலை விற்றால் பதிவேட்டில் உரிமையாளர் பெயரை மாற்றினால் போதும், வேலை முடிந்தது. நிலத்துக்கோ அப்படி இல்லை. இன்று விற்பவர் யாரிடம் வாங்கினார், அவர் யாரிடம் வாங்கினார் என்று பத்திரம் பத்திரமாகப் பின்னோக்கிப் போக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தால் வாங்கியவர் கதி அதோகதி. கப்பலுக்கு முடிவது நிலத்துக்கு ஏன் முடியாது என்று டோரன்ஸ் கேட்டார். 1858-இல் தெற்கு ஆஸ்திரேலியா அவருடைய முறையைச் சட்டமாக்கியது. அரசாங்கப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அதற்குப் பின்னால் கிளறத் தேவையில்லை. இதுதான் அதன் சாரம்.

இதை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேய அதிகாரி. மலாய்க்காரர்களின் நில வழக்காறுகளை ஆராய்ந்து 1884-இல் விரிவான கட்டுரை எழுதியவர் அவர். காட்டை வெட்டித் திருத்திப் பயிரிட்டவனுக்கே நிலம் என்பது பழைய வழக்கம். பயிர் இருக்கும்வரை அது 'தானா ஹீடுப்', உயிருள்ள நிலம். கைவிட்டுக் காடு மண்டினால் 'தானா மாத்தி', செத்த நிலம். எவ்வளவு அழகான பாகுபாடு! ஆனால் லண்டனிலிருந்து முதல் போட்டுக் காப்பித் தோட்டம் திறக்க வந்தவருக்கு இந்த அழகு போதவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டவும் வங்கியில் அடகு வைக்கவும் அவருக்கு ஒரு தாள் தேவைப்பட்டது. 1889-இல் சிலாங்கூரின் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற மேக்ஸ்வெல், 1891-இல் பட்டாப் பதிவு விதிகளை அங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பேராக், பகாங், நெகிரி செம்பிலான் ஆகியவை அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்தொடர்ந்தன. 1926-இல் கூட்டு மலாய் மாநிலங்களுக்கு ஒரே நிலச் சட்டம் இயற்றப்பட்டது. 1965-இல் தேசிய நிலச் சட்டம் நிறைவேறி, 1966 ஜனவரி முதல் நாள் தீபகற்பம் முழுவதற்கும் அமலுக்கு வந்தது. அதே சட்டம் 2020-இல் திருத்தி வெளியிடப்பட்டது.

பினாங்கும் மலாக்காவும் தனிக்கதை. நீரிணைக் குடியேற்றங்களில் ஆங்கிலேயப் பத்திர முறைதான் நடந்தது. ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டை விற்க வேண்டுமானால் பெட்டி நிறையப் பழைய பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு வழக்கறிஞரிடம் போக வேண்டும். இந்த இரு மாநிலங்களையும் பட்டா முறைக்கு மாற்ற 1963-இல் தனிச் சட்டம் வந்தது. முதலில் இடைக்காலப் பதிவேட்டில் பெயரை ஏற்றி, பிறகு புதிய பட்டா கொடுப்பது ஏற்பாடு. அப்படி ஏறிய பழைய பெயர்களுக்குரிய மனிதர்கள் காலமாகி, வாரிசுகள் மூன்று கண்டங்களில் சிதறிக் கிடக்கும் வீடுகள் உண்டு. அதில் ஒன்றை விற்க முயன்றவரைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்.

நாம் பட்டா என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லையும் ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் பட்டா என்பது வருவாய்த் துறையின் ஆவணம். அங்கே சொத்து கைமாறுவது பதிவு செய்த கிரயப் பத்திரத்தால். தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பார்த்துத்தான் வாங்குவார்கள். நம் முன்னோர் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து இங்குள்ள கிராண்டுக்குச் சூட்டிவிட்டார்கள். சொல் ஒன்று, பொருள் வேறு. வாங்கிய பத்திரம் பெட்டியில் இருக்கிறதே என்று நம்மவர்களில் பலர் நிம்மதியாக இருப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் மட்டும் வீடு உங்கள் பெயருக்கு வந்துவிடாது. 14 ஏ என்ற மாற்றுப் படிவம் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாதவரை, சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் பழையவர்தான்.

நம் சமூகத்துக்கும் கிராண்டுக்கும் இடையே இவ்வளவு தூரம் விழுந்தது எப்படி? தோட்டத்தில் கிராண்டு கம்பெனியின் பெயரில் இருந்தது. செக்ரோலில் நம் தாத்தாவின் பெயர் இருந்தது. லயத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. இரண்டு மூன்று தலைமுறை ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தும், அந்த வீட்டுக்கு ஒரு தாள் உண்டு என்பதையே அறியாமல் இருந்தவர்கள் நாம்.

அந்தத் தாளை நன்கு அறிந்திருந்த தமிழர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. செட்டியார் கிட்டங்கிகளில் கிராண்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கடன் கொடுத்தார்கள். கிராண்டை ஒப்படைத்துக் கடன் பெறும் முறைக்கு இன்றைய நிலச் சட்டத்திலும் இடம் உண்டு. கடன் கொடுத்தவர் தன் பாதுகாப்புக்குப் பதிவேட்டில் கேவியட் என்னும் தடையைப் போட்டு வைக்கலாம். கடன் தீர்ந்த பிறகும் அந்தத் தடையை நீக்க யாரும் நினைக்காவிட்டால், பேரப்பிள்ளை விற்கப் போகும் நாளில் அது எழுந்து நிற்கும்.

1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் கைமாறத் தொடங்கியபோது கதை திரும்பியது. இடைத்தரகர்கள் பெருந்தோட்டங்களை வாங்கித் துண்டு துண்டாக விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெரியவர்களுக்கு இன்றும் வயிறு கலங்கும். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். துன் வீ.தி.சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் பெயர் நிலத்தோடு சேர வேண்டும் என்ற எண்ணம் அன்று எவ்வளவு புதுமையாக இருந்திருக்கும்!

துண்டாடலில் நிலம் வாங்கிய சிலருக்கு வேறொரு வினை காத்திருந்தது. தனிப்பட்டா கிடைக்காமல், பெரிய கிராண்டு ஒன்றில் பிரிக்கப்படாத பங்குகளாகப் பெயர்கள் ஏறின. நான் ஒரு ஏக்கர், நீ ஒரு ஏக்கர், வேலி போட்டாயிற்று, வீடும் கட்டியாயிற்று. பதிவேட்டிலோ அந்த வேலி இல்லை. இத்தனையில் ஒரு பங்கு என்ற பின்னம் மட்டுமே இருக்கிறது. பின்னத்தை விற்கலாம். ஆனால் வாங்க வருபவருக்கு எந்த மூலை தன்னுடையது என்று கிராண்டு சொல்லாது, வங்கியும் கடன் தரத் தயங்கும். பிரித்துத் தனிப்பட்டா எடுக்கலாம் என்றால் மற்றப் பங்காளிகளைத் தேட வேண்டும். அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களில் பலர் அரசு நிலத்தில் கம்பத்து வீடு கட்டினார்கள். சிலருக்கு டி.ஓ.எல். என்னும் தற்காலிக உரிமம் கிடைத்தது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், கிராண்டு என்றே நம்பி. அந்த உரிமம் அந்தந்த ஆண்டோடு முடிவது. பிறருக்கு மாற்ற முடியாதது. உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு போகும். அப்படியானால் அந்த வீட்டை விற்பது எப்படி? விற்க முடியாது. தலைமுறைகளாக இந்தியர்கள் வாழ்ந்த பினாங்கு கம்போங் புவா பாலாவில் 2009-இல் வீடுகள் இடிக்கப்பட்டதை நாடே பார்த்தது. அங்கும் நிலத்தின் பட்டா குடியிருந்தவர்கள் பெயரில் இல்லை.

1970-களுக்குப் பிறகு தாமான் வீடுகள் பெருகின. கிராண்டில் நம் பெயர் பரவலாக ஏறத் தொடங்கிய காலம் அது. பெயர் ஏறியது உண்மை, ஆனால் எந்தப் பெயர்? சின்னசாமி என்ற பெயரை ஒரு குமாஸ்தா 'எஸ்' எழுத்தில் தொடங்கினார், இன்னொருவர் 'சி எச்' என்று தொடங்கினார். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாளக் கார்டில் ஒன்று, கிராண்டில் மூன்றாவது. இந்நாட்டில் அடையாளக் கார்டு அவசரகாலத்தின்போது 1948-இல் வந்தது. பன்னிரண்டு இலக்க எண் 1990-இல் வந்தது. பழைய எண்ணோடு நிற்கும் கிராண்டுகள் இன்னும் உண்டு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் செய்து, பழைய கார்டின் விவரத்தைத் தேசியப் பதிவு இலாகாவில் உறுதிப்படுத்தி, நில அலுவலகத்தில் காட்ட வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு இது சில வார வேலை. இறந்தவருக்கோ பெரிய அலைச்சல்.

வங்கியின் பெயர் நீங்காமல் இருப்பதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கடன் தீர்ந்ததும் வங்கி 16 என் என்ற விடுவிப்புப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தரும். அதையும் பதிவு செய்தால்தான் அடமானம் நீங்கும். நம்மவர்கள் கடன் தீர்ந்த மகிழ்ச்சியில் அந்த உறையை அலமாரியில் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்கள். பிறகு 1997-98 பொருளாதார நெருக்கடி வந்தது. உள்நாட்டு நிதி நிறுவனங்களைப் பத்து வங்கிக் குழுமங்களாக இணைக்கும் திட்டத்தைப் பேங்க் நெகாரா நடத்தியது. உங்களுக்குக் கடன் கொடுத்த நிதி நிறுவனம் பெயரே இல்லாமல் மறைந்தது. அதை ஏற்றுக்கொண்ட வங்கி எது என்று கண்டுபிடித்துப் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். முடியாத காரியம் அல்ல. மூன்று மாதத்தில் முடியாது, அவ்வளவுதான்.

அடுக்குமாடி வாசிகளின் துயரம் இன்னொரு வகை. 1985-இல் அடுக்குமாடிப் பட்டாச் சட்டம் வந்தும், தனிப்பட்டா கிடைக்காமல் மேம்பாட்டாளரின் தாய்ப்பட்டாவின் கீழேயே ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் ஏராளம். அவர்கள் கையில் இருப்பது ஒப்பந்தமும் உரிமை மாற்றுப் பத்திரமும்தான். மேம்பாட்டாளர் நொடித்துப் போயிருந்தால், சொத்தைக் கலைக்கும் அதிகாரியின் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். 2015-இல் நடப்புக்கு வந்த திருத்தங்கள், சாவி கொடுக்கும்போதே தனிப்பட்டாவும் கிடைக்க வேண்டும் என்ற நிலையை உருவாக்கின. பழையவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எல்லாவற்றிலும் அதிகமாகக் குடும்பங்களை உலுக்குவது இறந்தவர் பெயர்தான். அப்பா போய்விட்டார், அம்மா அதே வீட்டில் இருக்கிறார், யாரும் கேட்கவில்லை. விற்கும்போதுதான் கேள்வி வருகிறது. உயில் இல்லாத இந்துக் குடும்பத்துக்கு 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பொருந்தும். மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. பாட்டி, தாத்தா அப்போது உயிரோடு இருந்திருந்தால் கணக்கு மாறும். வீட்டுக்கு மூத்தவன் என்பதால் மகன் தானாக உரிமையாளர் ஆகிவிட மாட்டான். மணமாகிப் போன மகளுக்கும் பங்கு உண்டு. சிற்றுடைமைப் பகிர்வுக்கென்றே 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நீதிமன்றம் போகாமல், 'ஏ' படிவம் கொடுத்து விசாரணைக்கு வாரிசுகளோடு வந்தால் முடித்துவைப்பார்கள். இதற்கான சொத்து மதிப்பு வரம்பு 2009-இல் இருபது லட்சம் ரிங்கிட்டாகவும், 2024 ஜூலையில் ஐம்பது லட்சமாகவும் உயர்ந்தது. தாமான் வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். ஆனாலும் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத வீட்டில் எந்தச் சட்டத்தால் என்ன செய்ய முடியும்?

இனி இந்த முறையின் கறுப்புப் பக்கம். பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை என்றால், ஏமாற்றி அந்தப் பெயரை மாற்றிவிட்டால்? பினாங்கு தஞ்சோங் பூங்காவில் தாய்லாந்து மாது ஒருவருக்கு நிலம் இருந்தது. வேறொருத்தி தன்னையே அந்த மாது என்று சொல்லிக்கொண்டு, பட்டா தொலைந்துவிட்டதாக நாடகமாடி, நிலத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டாள். அடோர்னா வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் வாங்கிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணத்தில் விலை கொடுத்து வாங்கியவரின் பட்டா, கையெழுத்து போலியானாலும் அசையாது என்பது அதன் பொருள். நிலம் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தூக்கம் கெட்ட காலம் அது. ஒன்பது ஆண்டுக்கு மேல் அந்தத் தீர்ப்பே சட்டமாக நின்றது. 2010 ஜனவரி 21-ஆம் நாள், குவாந்தான் நிலம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ஐந்து நீதிபதிகள் அமர்ந்த கூட்டரசு நீதிமன்றம் அது தவறு என்று ஒருமனதாகக் கூறியது. போலிக் கையெழுத்தால் முதலில் பெயர் ஏற்றிக்கொண்டவரின் உரிமையை உண்மையான உரிமையாளர் முறியடிக்கலாம். ஆனால் அந்த முதல் ஆளிடமிருந்து, ஒன்றும் அறியாமல் விலை கொடுத்து அடுத்து வாங்கியவருக்குச் சட்டத்தின் 340-ஆம் பிரிவு இன்றும் பாதுகாப்புத் தருகிறது. அதாவது உங்கள் நிலம் இரண்டாவது கைக்குப் போவதற்குள் நீங்கள் விழித்துக்கொண்டாக வேண்டும்.

விழித்துக்கொள்ள வழி எளிதானது. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டிப் பதிவேட்டைத் தேடிப் பார்க்க எவருக்கும் உரிமை உண்டு. பெயர், பழைய எண், அடமானம், கேவியட், 99 ஆண்டுக் குத்தகையில் எஞ்சிய காலம், மாநில அரசின் அனுமதியின்றி மாற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு ஆகிய அனைத்தும் அந்தத் தாளில் இருக்கும். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் அனுமதிக்கு ஆகும் காலம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். முகவரியையும் பாருங்கள். நிலவரி பாக்கிக்கான அறிவிப்பு பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். அந்த முகவரி நாற்பது ஆண்டுக்கு முன் இடிக்கப்பட்ட லயமாக இருந்தால் அறிவிப்பு உங்களை வந்து சேராது. பாக்கி தொடர்ந்தால் நிலத்தையே மாநில அரசு பறிமுதல் செய்ய 100-ஆம் பிரிவு இடம் தருகிறது. அந்த முகவரியை எப்படி மாற்றுவது, எந்தக் கவுண்டருக்குப் போவது என்பதை நம் நில அலுவலக அன்பர் இப்போது சொல்வார்.